ஏழாம் சுற்றில் ஒரு பெயர்

பெயர்தான் கால்பந்து. காலுக்கு அதில் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனைப் பிடித்துக் கீழே தள்ளுவதும்தான் ஆட்டம். அந்த ஆட்டத்துக்கு ஆள் பார்ப்பது என் வேலை. டொலீடோ பைலட்ஸ் அணிக்காக அலபாமா, மிசிசிப்பி, லூசியானா என்று அமெரிக்காவின் தெற்கு முழுக்கக் காரில் சுற்றி, கல்லூரிப் பையன்களைப் பார்த்து, எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் இதைத்தான் செய்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் கண்டுபிடித்தது, எவன் தேறுவான் என்று எவனுக்கும் தெரியாது என்பதுதான். அதை அறிக்கையில் எழுத முடியாது. எழுதினால் சம்பளம் தரமாட்டார்கள்.

நாங்கள் எதையும் விட்டுவைப்பதில்லை. உயரம், எடை, ஓட்டம், தாவல் எல்லாவற்றையும் அளக்கிறோம். உள்ளங்கையை விரிக்கச் சொல்லிக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை அளக்கிறோம். அம்மா எப்படி, அப்பா எப்படி, பள்ளிக்கூடத்தில் யாரையாவது அடித்தானா, எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று ஊருக்குப் போய் விசாரிக்கிறோம். இவ்வளவும் செய்து, பந்து வீசுவதற்கென்றே பிறந்தவன் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒருவன், முதல் சுற்றிலேயே தேர்வாகி வந்து மூன்று வருஷத்தில் காணாமல் போனான். இப்போது டாம்பாவில் நீச்சல் குளம் கட்டிக் கொடுக்கிறான். நன்றாகக் கட்டுகிறானாம். இன்னொருவனை, இரண்டும் கொக்குக்கால், முதல் அடியிலேயே முறிந்துவிடும் என்று எழுதி ஒதுக்கினேன். அவன் வேறு அணியில் சேர்ந்து, தலைமுடி நரைக்கிற வரை ஆடினான். அந்த ஊர் மைதானத்து வாசலில் அவனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். சிலையிலும் கொக்குக்கால்தான்.

ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் நடக்கும். வியாழன், வெள்ளி, சனி. அணிகள் வரிசைப்படி ஒவ்வொரு பையனாக எடுத்துக்கொள்ளும். மொத்தம் ஏழு சுற்று. எடுத்த பையனின் பெயரை மேடையில் ஒருவர் நின்று வாசிப்பார், நாடே டிவியில் பார்க்கும். வியாழக்கிழமை பெயர் வந்தவன் கோடீஸ்வரன். சனிக்கிழமை ஏழாம் சுற்றில் வந்தவனுக்கு அணியின் தொப்பி ஒன்று உறுதி. மற்றது ஆகஸ்டில் பயிற்சி முகாம் முடியும்போதுதான் தெரியும். அப்போது பாதிப் பேரைக் கழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எங்களையும் கழிப்பார்கள். ஆனால் டிராஃப்டுக்கு முன்னால் அனுப்பமாட்டார்கள், ரகசியத்தை எடுத்துக்கொண்டு எதிர் அணிக்குப் போய்விடுவோமாம். அதனால் எங்கள் ஒப்பந்தங்கள் எல்லாமே மே மாதத்தில்தான் முடியும். பையன்கள் தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கிற வாரத்தில் எங்களில் இரண்டு பேராவது மேஜையைக் காலி செய்துகொண்டிருப்போம்.

டொலீடோவில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆள் பார்க்கிற ஒவ்வொருவனுக்கும் வருஷத்துக்கு ஒரே ஒரு தங்க நட்சத்திரம் தருவார்கள். பள்ளிக்கூடத்தில் சமர்த்துப் பிள்ளையின் நோட்டில் ஒட்டுவார்களே, அதே நட்சத்திரம். சுவரில் பெரிய பலகை, அதில் பையன்களின் பெயர் எழுதிய காந்தப் பட்டைகள். யாருக்காக உன் மானத்தைப் பணயம் வைக்கிறாயோ அவன் பட்டையில் உன் நட்சத்திரத்தை ஒட்ட வேண்டும். ஏழாம் சுற்றின் கடைசியில், எடுக்க உருப்படியாக ஆள் இல்லாதபோது, மேனேஜர் அந்த நட்சத்திரக்காரர்களில் ஒருவனை எடுப்பார். அது அவனுக்கு அல்ல, ஒட்டியவனுக்குப் போடுகிற பிச்சை. என் நட்சத்திரத்தை நாலு வருஷமாக யாரும் எடுக்கவில்லை. இந்த வருஷமும் எடுக்காவிட்டால் மே மாதத்தில் காலி செய்கிறவர்களில் நானும் இருப்பேன் என்று எனக்கும் தெரியும், காப்பி போடுகிற பெண்ணுக்கும் தெரியும்.

இந்த வருஷம் ஒட்டியது லூசியஸ் கில்லியம் ஜூனியருக்கு. மிசிசிப்பி டெல்டாவில் டன்லீத் என்கிற சின்ன ஊர்ப் பையன். முன்வரிசையில் நிற்கிறவன், பந்தை வீசுகிறவனை எதிரி நெருங்காதபடி மறித்து நிற்பது அவன் வேலை. முன்வரிசைக்காரனை யாரும் கவனிக்கமாட்டார்கள், அவன் தவறும்போதுதான் கவனிப்பார்கள். லூசியஸை ஒரு வருஷம் முழுக்க நான் கவனித்தேன், தவறவில்லை. பெரிய கல்லூரி இல்லை, ஓட்டம் கொஞ்சம் மந்தம், அதனால் நாலாம் சுற்றில் வரலாம், ஆறில் வரலாம், வராமலும் போகலாம்.

இலையுதிர்காலத்தில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா வெர்னெல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, வாய் ஓயாது. அப்பாவின் பெயரும் லூசியஸ் கில்லியம்தான். கெளுத்தி மீன் தொழிற்சாலையில் ஆயுசு முழுக்க நின்று வேலை பார்த்தவர், இப்போது சிறுநீரகம் போய், வாரத்துக்கு மூன்று தரம் டயாலிசிஸ். நான் இருந்த இரண்டு மணி நேரத்தில் அவர் என்னிடம் பேசியது, "வண்டிய நிழல்ல விட்டிருக்கலாமே" என்பது மட்டும்தான்.

டிராஃப்ட் சனிக்கிழமை மதியம் வரை லூசியஸை யாரும் எடுக்கவில்லை. ஏழாம் சுற்று தொடங்கியதும் எங்கள் கையில் போனைக் கொடுத்துவிடுவார்கள். இன்னும் பெயர் வராத பையன்களை ஆளுக்குச் சிலராகப் பங்கு பிரித்துக்கொண்டு, அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுப் பேச்சை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டிராஃப்ட் முடிந்த நிமிஷத்தில், எடுக்கப்படாத பையன்கள் எந்த அணியிலும் சேரலாம். அந்த நேரத்தில் லைனில் இருப்பது நாமாக இருக்க வேண்டும், வேறு அணியாக இருக்கக்கூடாது. ஐம்பத்தெட்டு வயதில் நான் செய்கிற வேலை இது.

"வெர்னெல், நான் மெர்ல் டக்கெட் பேசறேன்."

"சொல்லுங்க மெர்ல் அண்ணே. நல்ல சேதியா, இல்ல வேற யாரும் கூப்பிடாம லைன அடைச்சு வைக்கக் கூப்பிட்டீங்களா?"

"அடைச்சு வைக்கத்தான்."

"உண்மைய ஒத்துக்கிட்டீங்களே, சந்தோஷம். வியாழக்கிழமை இந்த வீட்ல நிக்க இடமில்ல. டிவிக்காரங்க கேமரா வேற. கோழி பொரிச்சே என் கை வெந்துபோச்சு. நேத்து பாதிக் கூட்டம். இன்னைக்கு நாங்க மூணு பேரு, அப்புறம் சர்ச்சுலேருந்து சிஸ்டர் ஓபல். அவங்களும் பனானா புட்டிங் மிச்சமிருக்குன்னு வந்தாங்க."

பின்னாலிருந்து ஒரு கிழக்குரல், "நான் பையனுக்காக வந்தேன்டி" என்றது.

"வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்றேன்.

"வியாழக்கிழமை சர்ச்சுக்குப் போடுற கோட்டு சூட்டு எடுத்து மாட்டினவரு, இன்னும் கழட்டல. நேத்து டயாலிசிஸுக்கும் அதோடதான் போனாரு. நர்ஸு கேட்டாளாம், யாரு செத்துட்டாங்கன்னு." சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவன் பேரு மட்டுமா அண்ணே அது? அவரு பேரும்தானே. பின்னால ஜூனியர்னு ஒரு வால் ஒட்டியிருக்கு, அவ்வளவுதான். அவரு பேர இந்த ஊர்ல மீன் தொழிற்சாலை மைக்குல மட்டும்தான் கூப்பிட்டிருக்காங்க, அதுவும் திட்றதுக்கு. நாலாவது சுத்து வேணாம், அஞ்சாவது வேணாம். கடைசி ஆளாக் கூப்பிட்டாலும் சரி. கூப்பிட்டுட்டா இவரு கோட்டக் கழட்டிட்டுப் படுப்பாரு."

நான் "பார்ப்போம்" என்றேன். என் தொழிலில் அதிகம் புழங்குகிற சொல் அதுதான்.

அப்போது என் பையில் இருந்த சொந்தப் போன் அதிர்ந்தது. லூசியஸின் ஏஜென்ட் டாட் வில்காக்ஸ். ஏஜென்ட்கள் வழக்கமாக எங்கள் பையனை எடு, எடு என்று கெஞ்சுவார்கள். இவன் தலைகீழாகக் கெஞ்சினான்.

"மெர்ல், உங்க மேனேஜர் எங்க பையனை எடுக்கப் போறதா மோப்பம் பிடிச்சேன். கையெடுத்துக் கும்பிடறேன்யா, எடுத்துடாதீங்க!"

வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு இவனுக்குப் பைத்தியமா என்று தோன்றும். எங்கள் உலகத்தில் இது நியாயமான பேச்சு. ஏழாம் சுற்றின் கடைசியில் ஒரு அணி உன்னை எடுத்துவிட்டால் நீ அந்த அணிக்குத்தான் போக வேண்டும், அங்கே உனக்கு இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எடுக்காமல் விட்டுவிட்டால் எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே நீயே தேர்ந்தெடுத்துப் போகலாம். பெயர் மேடையில் வராது, அவ்வளவுதான் நஷ்டம்.

"எங்க போகப் போறீங்க?" என்றேன்.

"டுலூத். அவங்க முன்வரிசையில மூணு பேரு போயிட்டாங்க. நடக்கத் தெரிஞ்சவன் வந்தாப் போதும், சேத்துக்குவாங்க. உங்ககிட்ட எத்தனை முன்வரிசை ஆளுங்க இருக்காங்கன்னு எண்ணிப் பாரு. பையன் ஆகஸ்ட்ல வீட்டுக்கு வந்துடுவான்."

அவன் சொன்னது உண்மை. எங்கள் முன்வரிசையில் ஆள் நெரிசல். பழம் தின்று கொட்டை போட்டவர்கள் நாலு பேர், போன வருஷம் எடுத்த பிள்ளைகள் மூன்று பேர். லூசியஸ் வந்தால் தண்ணீர் பாட்டில் தூக்கத்தான் இடம் இருக்கும்.

மேனேஜர் கிரெய்க் ஸ்டெஃபானிக் பலகை முன்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். என்னைவிட இருபது வயது இளையவர். கெட்ட மனிதர் இல்லை. "என்னய்யா மெர்ல், இந்தத் தடவ உன் நட்சத்திரம்தான். நம்ம முறை வர இன்னும் ஆறு பேரு இருக்கு. கில்லியம் பேரச் சீட்டுல எழுதி மேடைக்கு அனுப்பச் சொல்லட்டுமா?" என்றார். அறையில் இரண்டு பேர் என் முதுகில் தட்டினார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக டாட் சொன்ன ஆகஸ்டுதான் நினைவுக்கு வந்தது.

"ரெண்டு நிமிஷம் கொடுங்க" என்று சொல்லிவிட்டு, வெர்னெல் லைனில் இருந்த போனோடு வெளியே வந்தேன். அறைக்குள் பேசுவதை வெளியே சொல்லக்கூடாது, சொன்னால் வேலை போய்விடும். குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன்.

"வெர்னெல், ஸ்பீக்கர்ல போடுங்க. எல்லாரும் கேக்கணும். கொஞ்ச நேரத்துல எங்க முறை வருது. லூசியஸை எடுக்கப் போறாங்க."

வெர்னெல் "ஏசப்பா!" என்றாள். சிஸ்டர் ஓபல் கை தட்டினார்கள். நான் அவர்களை அடக்கிவிட்டு மிச்சத்தைச் சொன்னேன். எங்கள் அணியில் இருக்கிற நெரிசல், டுலூத்தில் இருக்கிற காலி இடம், ஆகஸ்டில் என்ன நடக்கும் என்பது, எல்லாவற்றையும்.

"வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா, நான் உள்ளே போய் நிறுத்திடுவேன். சொல்லலைன்னா இப்ப பேரு டிவியில வரும்."



"டாட் சொன்னதையேதான் நீங்களும் சொல்றீங்க சார்" என்றான் லூசியஸ். நல்ல பையன், என்னை ஒரு தடவைகூட சார் இல்லாமல் கூப்பிட்டதில்லை.

"அவன் சொல்றது அவன் கமிஷனுக்காக" என்றாள் வெர்னெல். "மெர்ல் அண்ணே, நீங்க ஒரு அப்பனா இருந்து சொல்லுங்க. இவன் உங்க பிள்ளைன்னா என்ன செய்வீங்க?"

எனக்குப் பிள்ளை கிடையாது. இரண்டு முன்னாள் மனைவிகள் உண்டு. ஆனாலும் யோசித்துத்தான் பதில் சொன்னேன். என் நட்சத்திரம், என் மே மாதம், எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு யோசித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"டுலூத்துக்கு அனுப்புவேன். அங்கே நிலைச்சு நிப்பான்."

"ஏங்க, நீங்க என்ன சொல்றீங்க?" என்று வெர்னெல் கணவரைக் கேட்டாள். "ஒண்ணும் சொல்லமாட்டேங்குறாரு அண்ணே. டிவியையே பாத்துட்டிருக்காரு."

"அப்பா?" என்றான் லூசியஸ்.

பிறகு அவனே, "டுலூத்தே போறேன் சார்" என்றான்.

நான் உள்ளே போய், "கில்லியம் வேணாம்" என்றேன்.

கிரெய்க் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கென்ன கிறுக்கா? நீ ஒட்டின நட்சத்திரத்த நீயே பிடுங்குற?"

"அவனுக்கு இங்க இடமில்ல. நாம எடுத்து என்ன பிரயோஜனம்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா? உனக்காகத்தான்யா எடுக்கறேன்னேன்." மணியைப் பார்த்தார். முறை வந்துவிட்டது, எங்கள் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. "சரி, உன் ஏரியாலேருந்து வேற யாரையாவது சொல்லு. சட்டுனு சொல்லு."

பலகையின் அடியில் மிச்சமிருந்த பட்டைகளில் என் கண்ணில் முதலில் பட்டது டஸ்டின் ப்ரூவிட். அலபாமாக்காரன், பந்து பிடிக்கிறவன். அவனைப் பற்றி நான் எழுதிய அறிக்கை மொத்தமே மூன்று வரி. கை நல்ல கை. ஆள் தூங்குமூஞ்சி. பயிற்சிக்கு நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"ப்ரூவிட்" என்றேன். பக்கத்துப் பட்டையில் வேறு பெயர் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பேன்.

எடுப்பதற்கு முன்னால் பையனுக்குப் போன் போட்டுச் சொல்வது வழக்கம். ப்ரூவிட் போனை எடுக்கவில்லை. மத்தியானத் தூக்கம். அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே மேடையில் அவன் பெயரை வாசித்தார்கள்.

என் கையில் இருந்த போனை நான் துண்டிக்காமலே வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. காதில் வைத்தேன். டெல்டாவில் அந்த வீட்டு டிவியில் டொலீடோ என்றும் டஸ்டின் ப்ரூவிட் என்றும் கேட்டது. சிஸ்டர் ஓபல், "யாரு இது? நம்ம பையன் பேரு வரும்னீங்களே?" என்றார்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

டிராஃப்ட் முடிந்த கையோடு லூசியஸ் டுலூத்தில் சேர்ந்துவிட்டான். போன் செய்து நன்றி சொன்னான். மே மாதத்தில் கிரெய்க் என்னைக் கூப்பிட்டு, "சீசன் முடியற வரைக்கும் இரு, அப்புறம் பாக்கலாம்" என்றார். கழுத்தில் கத்தியை வைத்துவிட்டுத் தள்ளிப்போடுவது. நான் மறுபடி காரை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினேன். மோட்டல் படுக்கை, பெட்ரோல் பங்கில் வாங்கிய சாண்ட்விச், மைதானத்துப் பெஞ்சு.

ஆகஸ்டில் டுலூத்தின் முகாம் தொடங்கி முதல் வாரத்திலேயே லூசியஸின் முழங்கால் போய்விட்டது. யாரும் அவனை இடிக்கவில்லை. திரும்பினான், கால் புல்லில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது, உடம்பு மட்டும் திரும்பியது. மூட்டுக்குள் இரண்டு தசைநார்கள் அறுந்தன. அறுவை சிகிச்சைக்குச் செலவு செய்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாட் வில்காக்ஸ் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போன் செய்யவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அதே ஆகஸ்டில் டொலீடோவில், ஆள் நெரிசல் என்று நான் சொன்ன எங்கள் முன்வரிசையில், பழைய ஆள் ஒருவன் குதிகாலை முறித்துக்கொண்டான். இன்னொருவன் மனைவியோடு கனடாவுக்குப் போய்ப் பண்ணை வைக்கிறேன் என்று ஆட்டத்தையே விட்டுவிட்டான். போன வருஷம் எடுத்த பிள்ளைகள் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக அடிபட்டுப் படுத்தார்கள். செப்டம்பரில் எங்கள் அணி முன்வரிசைக்கு ஆள் கிடைக்காமல், லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவனைக் கூட்டி வந்து நிறுத்தியது. லூசியஸ் எங்களிடம் வந்திருந்தால் அவன் நின்றிருப்பான். அல்லது இங்கேயும் புல்லில் கால் மாட்டியிருக்கும். யாருக்குத் தெரியும்?

ப்ரூவிட்டின் கதை எனக்கு இன்னும் கேவலம். முகாமுக்கு முதல் நாளே தாமதமாக வந்தான். கழித்துவிடுவதாகத்தான் இருந்தார்கள். அதற்குள் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் அவன் மேல் இரக்கப்பட்டு, தன் வீட்டு மாடியில் தங்கவைத்துக்கொண்டார். அந்த வீட்டில் நாலு சின்னக் குழந்தைகள், விடிந்த பிறகு எந்தப் பிறவியும் தூங்க முடியாது. ப்ரூவிட் நேரத்துக்கு வர ஆரம்பித்தான். அக்டோபரில் அவன் பிடிக்காத பந்தே இல்லை. ஒரு கையால் பிடித்தான், விழுந்துகொண்டே பிடித்தான், இரண்டு பேர் மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போது பிடித்தான். எந்த அளவுநாடா வைத்து இதை நான் அளந்திருக்க முடியும்?

டொலீடோ பத்திரிகையில் என் படம் வந்தது. கடைசி நிமிஷத்தில் நெஞ்சு சொன்னதைக் கேட்டு, தன் சொந்த நட்சத்திரத்தையே விட்டுக்கொடுத்து, ஒரு மாணிக்கத்தைக் கண்டுபிடித்தவராம் நான். கிரெய்க் மூன்று வருஷ ஒப்பந்தத்தை என் முன்னால் வைத்தார்.

"கிரெய்க், அது வாய்க்கு வந்த பேரு. அவ்வளவுதான்" என்றேன்.

"எனக்குத் தெரியும்யா. நானும் அங்கதானே நின்னேன்? பத்திரிகைக்காரன்கிட்ட மட்டும் அதச் சொல்லிடாத" என்று பேனாவை நீட்டினார்.

கையெழுத்துப் போட்டேன். வேண்டாம் என்று சொல்கிற வயது எனக்கு இல்லை. சந்தோஷமும் வரவில்லை.

நவம்பரில் டெல்டா பக்கம் ஒரு கல்லூரி ஆட்டம் பார்க்கப் போனேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டன்லீத்தைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் திருட்டுத்தனமாகப் போவது பிடிக்காமல் வண்டியைத் திருப்பினேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்துக்கொண்டுதான் கதவைத் தட்டினேன்.

லூசியஸ்தான் திறந்தான். முழங்காலில் பட்டை. டிராக்டர் உதிரிப்பாகம் விற்கிற கடையில் வேலையாம். "உள்ள வாங்க சார்" என்று பழைய மாதிரியே சிரித்தான். அவன் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை.

வெர்னெல் தட்டு நிறையக் கோழியும் கீரையும் வைத்து என் மடியில் வைத்தாள். "உங்க ப்ரூவிட்டு நல்லா ஆடுறானே அண்ணே. பேப்பர்ல உங்க படம்கூட வந்துச்சாமே? சிஸ்டர் ஓபல் கொண்டாந்து காமிச்சாங்க. நல்லா விழுந்திருக்கீங்க, பத்து வயசு கொறைச்சலா."

"வெர்னெல்..."

"நான் ஒண்ணும் சொல்லலையே. சாப்பிடுங்க. சர்ச்சுலதான் இன்னும் கேக்குறாங்க, உங்க பையன எத்தனாவது சுத்துல எடுத்தாங்கன்னு. எடுக்கல, அவனாத்தான் டுலூத்து போனான்னா, ஓ அப்படியான்னு நம்ம தோளத் தட்டுறாங்க பாருங்க. அந்தத் தட்டுதான் தாங்கல."

"அம்மா, விடும்மா. முடிவெடுத்தது நான்" என்றான் லூசியஸ்.

அப்பா ஜன்னல் பக்கம் சாய்வு நாற்காலியில் இருந்தார். பாதி ஆளாகியிருந்தார். வீட்டு உடையில், கால்மேல் போர்வை. டிவியில் ஏதோ ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். வெர்னெல் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"டக்கெட், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க."

"டுலூத்து போனா நிலைச்சு நிப்பான்னு சொன்னீங்க. தெரிஞ்சு சொன்னீங்களா, தோணிச்சுன்னு சொன்னீங்களா?"

பொய் சொல்ல வழி இருந்தது. என் வேலையே அதுதான், தோன்றுவதைத் தெரிந்த மாதிரி சொல்வது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய முடியவில்லை.

"தோணிச்சு" என்றேன்.

"உங்ககிட்ட வந்தா ஆகஸ்ட்ல திருப்பி அனுப்பிடுவாங்கன்னீங்களே, அது?"

"அதுவும் தோணினதுதான்."

"பேரு வாசிப்பாங்கன்னது?"

"அது தெரியும். நான் உள்ள போய் நிறுத்தலைன்னா வாசிச்சிருப்பாங்க."

அவர் தலையை ஆட்டினார். முகத்தில் கோபம் இல்லை. மூன்று நாள் கோட்டும் சூட்டுமாக உட்கார்ந்து பார்த்த அதே டிவியை இப்போதும் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அப்ப நம்ம கையில நிச்சயமா இருந்தது அது ஒண்ணுதான். அதத்தான் விட்டுட்டோம்."